எல்லைக்கல் 214

வறுத்தலைவிளானில் எங்கள் வளவு
இருபத்தேழு வருசம் ஆளில்லாமல் கிடந்து
காடாய்ப் போயிருந்தது.
குசினிக்குள் வேம்பு. கிணற்றுச் சுவரில் ஆல்.
கூரையில்லாத சாமியறையில் ஒரு முட்செடி
யன்னல் வழியே வெளியே பார்த்தபடி நின்றது.

விடுவிப்புக் கடிதம் வந்த கிழமையே பெக்கோ பிடித்தேன்.
சுதேசன் நாயுண்ணிப் பத்தையெல்லாம் வழித்துக்கொண்டு வந்து
வடகிழக்கு மூலையில் மெஷினை நிறுத்தினான்.
"அக்கா, கல்லு எங்க?"

கல்லை மூடி ஒரு கொடி.
ஆடுதின்னாப்பாளை.
பெயரைச் சொன்னாலே குணம் தெரிந்துவிடும்:
ஆடு முகர்ந்துவிட்டுப் போகும்,
மாடு முகரவும் வராது.

அதைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள்.
கறுப்புச் சிறகு,
மேலே வெள்ளைப் பட்டி, கீழே குங்குமப் பொட்டுகள்,
உடம்பு மட்டும் செக்கச்செவேல்.
அவசரமே இல்லாத பறப்பு.
முன்னங்காலால் இலையைத் தட்டினாள்;
இந்த இனத்துக்கு ருசி காலில்.
தட்டி, விலகி, மறுபடி தட்டி,
வயிற்றை வளைத்து இலைக்கு அடியில்
ஒரு செம்மணி வைத்தாள்.

"இண்டைக்குக் காணும் தம்பி" என்றேன்.
அரைநாள் காசு கொடுத்தேன்.
ஒஸ்லோவிலிருந்து அண்ணன் கத்தினான்:
"பூச்சிக்குப் பயந்தோ மதில் கட்டாமல் நிக்கிறாய்?"

ஐந்தாம் நாள் புழு.
நாவற்பழத் தோலின் நிறம், முதுகெங்கும் செம்மஞ்சள் முள்.
தொட்டுப் பார்த்தேன், குத்தவில்லை.
பிடரியிலிருந்து கவர்விட்ட ஒரு கொம்பை நீட்டி
நாறிக் காட்டியது.
கொடியின் நஞ்சு அதற்குச் சாப்பாடு,
சாப்பாடே பிறகு கவசம்.
வேலியிலிருந்த செண்பகம் தலையைச் சரித்துப் பார்த்தது,
பார்த்துவிட்டு ஓணான் பிடிக்கப் போனது.

ஒருநாள் ஏமாந்தேன்.
தேசிமரத்தடியில் அதே கறுப்பு, அதே பொட்டு.
இங்கே இவளுக்கு என்ன வேலை என்று கிட்டப் போனால்
வயிறு கறுப்பு.
இவள் வேறு. நஞ்சு ஒரு துளியும் இல்லை.
நஞ்சுக்காரியின் சேலையை இரவல் உடுத்திக்கொண்டு
குருவிகளுக்கு நடுவே திரிகிறாள்.
புருசனுக்கு அந்தச் சேலை கிடைக்கவில்லை,
அவன் கறுப்பும் வெள்ளையுமாய்
பயந்து பயந்து பறக்கிறான்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஓமந்தை தாண்டுவதற்கு நானும் ஒருமுறை
மச்சாளின் அடையாள அட்டையை
என் முகம் என்று நீட்டியிருக்கிறேன்.

பொழுதுபட்டால் சாமியறை முட்செடிக்கு
ஒவ்வொன்றாய் வந்தன.
முன்சிறகை இறக்கிச் சிவப்பை மூடித்
தலைகீழாய்த் தொங்கின. பதின்மூன்று எண்ணினேன்.
விளக்கேற்றவில்லை. ஏற்றினால் கலையுமோ என்று.

பதினெட்டுப் புழுவுக்கு ஒரு கொடி எவ்வளவு நாள் காணும்?
இலை முடிந்தது. தண்டைக் கடித்தன.
பெருத்தவை சிலது ஒதுங்கிப்போய்ப்
பழைய தண்ணீர்க்குழாயில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு
காய்ந்த சருகாய்ச் சுருண்டன.
மற்றவை என்ன ஆயினவென்று தெரியாது.
எறும்பு நிறைய நின்றது.

மொட்டையாய்க் கல் வெளியே வந்தது.
பாசிக்குள் எண்: 214.
சங்கிலியோடு வந்த நிலஅளவையாளர் அருளப்பு
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நல்லாத் துப்பரவாக்கி வைச்சிருக்கிறியள்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழாயில் தொங்கியதில் ஒன்று
கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் வெடித்தது.
கசங்கிய சிறகை ஒருமணி நேரம் உலர்த்தியது,
பிறகு கீரிமலைப் பக்கம் போனது.
அங்கே கடல்.
இவை கடலுக்கு நிற்கிற சாதியில்லை என்கிறார்கள்.

நேற்றைய மழையில்
கல்லின் அடியிலிருந்து இரண்டு துளிர்.
ஒன்று என் காணிக்குள்,
மற்றது பக்கத்துக் காணிக்குள்.

மதிலுக்கு அத்திவாரம் வெட்ட
சுதேசன் இரண்டுதரம் கோல் எடுத்துவிட்டான்.
போன் மேசையில் கிடந்து அதிர்கிறது.